மேரியின் கைக்கு ஒரு கீபோர்டு

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். குணசேகர் விஷயத்தில் அது அட்சரம் பிசகாமல் உண்மை. கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் ஆங்கில லோயர் பரீட்சையை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் கோட்டைவிட்டவன் அவன். அதே வருஷம் அவனுக்கு அடுத்த மெஷினில் உட்கார்ந்து ஆங்கிலம், கன்னடம் இரண்டிலும் ஹையர் முடித்து டிஸ்டிங்ஷன் வாங்கிய பெண்ணைத்தான் பிற்பாடு காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டான். இருபது வருஷம் கழித்து, அந்தப் பெண்ணுக்கு எந்த எழுத்து எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டான். இந்தக் கதையை இப்போது யாரிடம் சொன்னாலும் அவன் இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறான். கேட்கிறவர்கள் சிரிப்பதற்கு முன்னால் தானே சிரித்துவிடுவது உத்தமம் என்று அவனுக்கு இப்போது தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண் ஆரோக்கியமேரி. வீட்டில் மேரி. ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் அவர்கள் இருவரும், ஒன்பதாவது படிக்கும் மகள் ஜூலியாவும் இருந்தார்கள். குணசேகர் தினமும் அல்சூரில் மெட்ரோ ஏறி வைட்ஃபீல்டுக்குப் போய், மற்றவர்கள் எழுதிய மென்பொருளில் குற்றம் கண்டுபிடிக்கும் வேலை பார்த்தான். மேரி, சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீசுக்கு எதிரே சந்திரசேகரன் என்ற பத்திர எழுத்தரிடம் டைப் அடித்தாள். வாடகை ஒப்பந்தம், அஃபிடவிட், பவர் ஆஃப் அட்டர்னி என்று நாள் முழுக்க வேலை. பாதி ஆங்கிலம், பாதி கன்னடம். அந்தக் கடைக் கீபோர்டில் முக்கால்வாசி எழுத்துகள் தேய்ந்து வெறும் கறுப்புக் கட்டைகளாகிவிட்டன. மேரி கீழே குனிந்து பார்ப்பதே இல்லை என்பதால் அது அவளுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

அந்த வருஷம் பொங்கல் முடிந்த வாரத்தில் கோர்ட்டில் டைப்பிஸ்ட் வேலைக்கு அறிவிப்பு வந்தது. இன்ஸ்டிட்யூட் காலத்திலிருந்தே மேரிக்கு அந்த நாற்காலி மேல் ஒரு கண். முன்பு ஒரு தடவை அறிவிப்பு வந்தபோது ஜூலியா கைக்குழந்தை. இன்னொரு தடவை குணசேகரின் அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். இப்போது அவளுக்கு முப்பத்தொன்பது முடியப்போகிறது. அடுத்த அறிவிப்பு வருவதற்குள் வயது வரம்பு தாண்டிவிடும். விண்ணப்பம் போட்டாள், மே மாதக் கடைசியில் இரண்டு மொழியிலும் டைப்பிங் பரீட்சை என்று பதில் வந்தது. இந்த ஒரு தடவைதான், இதை விட்டால் சந்திரசேகரன் கடை நாற்காலியிலேயே கிழவியாகிவிட வேண்டியதுதான் என்று அவள் சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் அது சிரிப்பு இல்லை என்று குணசேகருக்குக்கூடப் புரிந்தது.

இதில் ஒரு சங்கடம், அவளுடைய வலது மணிக்கட்டு. ஆறு மாதமாகவே வலி. கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் காலையில் மரத்துப்போய், தோசைக் கரண்டியைப் பிடித்தால் நழுவும். டாக்டர் பார்த்துவிட்டு, கையை அதிகம் வேலை வாங்கக்கூடாது, மணிக்கட்டு மேல்நோக்கி மடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் ஊசி, அதற்கும் அடங்காவிட்டால் ஆபரேஷன் என்றார். நான்கு மாதத்தில் பரீட்சையை வைத்துக்கொண்டு கையை வேலை வாங்காமல் எப்படி இருப்பது? மேரி களிம்பு தடவிக்கொண்டு பேசாமல் இருந்தாள். பேசாமல் இருக்கத் தெரியாதவன் குணசேகர்.

அவனுடைய ஆபீசில் பக்கத்து மேசை ஷெர்வினிடம் ஒரு கீபோர்டு இருந்தது. நடுவில் இரண்டாகப் பிளந்து, இடக்கைக்கு ஒரு பாதி, வலக்கைக்கு ஒரு பாதி. தோள்களை விரித்து வைத்துக்கொண்டு அடிக்கலாம். அதோடு விட்டால் பரவாயில்லை. கீபோர்டில் எழுத்துகள் இருக்கும் வரிசையே பழைய டைப்ரைட்டர் காலத்து மிச்சம், நம் விரலுக்காக யாரும் யோசித்து வைத்ததில்லை, அதிகம் வரும் எழுத்துகளை விரலடிக்குக் கொண்டுவந்தால் கை பாதி தூரம்கூட நகர வேண்டியதில்லை என்று ஷெர்வின் ஒரு மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க விளக்கினான். குணசேகர் தயிர் சாதத்தை மூடி வைத்துவிட்டுக் கேட்டான். லோயர் பரீட்சையில் தான் தோற்றதற்கு யார் காரணம் என்று இருபது வருஷம் கழித்து அவனுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், உன் கை வலிக்கு மருந்து கிடைத்துவிட்டது, உன் கைக்கென்றே ஒரு கீபோர்டு நானே செய்கிறேன் என்று மேரியிடம் அறிவித்தான். மேரி வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். சரி என்றாள். அந்தச் சரி எந்தச் சரி என்று நின்று யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

முதல் வேலை, எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று கணக்கெடுப்பது. நியாயமாக மேரி அடிப்பதை எண்ணியிருக்க வேண்டும். ஆனால் அவளுடைய கம்ப்யூட்டர் சந்திரசேகரனுடையது, ஊரார் சொத்து விவரமெல்லாம் அதில் இருக்கிறது, அதில் போய் எண்ணுகிற புரோகிராமை நுழைக்க முடியுமா? ஆகையால் குணசேகர் தன்னுடைய லேப்டாப்பிலேயே அதை ஓடவிட்டு, ஒரு மாதம் தான் அடித்ததை எண்ணினான். ஆங்கிலம் ஆங்கிலம்தானே, யார் அடித்தால் என்ன என்பது அவன் கட்சி. பெண்டாட்டிக்கு ஜாக்கெட் தைக்கத் தன் மார்பை அளந்துகொண்டு போன தையல்காரன் என்று இப்போது தன்னைச் சொல்லிக்கொள்கிறான்.

மாதக் கடைசியில் கணக்கைத் திறந்து பார்த்தபோது அவனுக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அவன் அதிகம் தட்டியது ஏயும் இல்லை, ஈயும் இல்லை. அடித்ததை அழிக்கும் சாவி. பதினேழு வருஷ அனுபவமுள்ள என்ஜினியர் மாதம் முழுக்கச் செய்த வேலையில் பெரும்பங்கு, தான் எழுதியதைத் தானே அழித்தது. மிச்சத்தில் பெரிய பகுதி 'தாமதத்துக்கு மன்னிக்கவும்', 'ஏற்கனவே பேசியபடி' என்ற இரண்டு வாக்கியங்கள். ஆனாலும் அவன் மனம் தளரவில்லை. அழிக்கும் சாவியை இடக்கைக் கட்டைவிரலுக்கு நேராக, ராஜ மரியாதையோடு வைத்தான். மேரி பிழையே செய்ய மாட்டாள், அவளுக்கு அந்தச் சாவி எதற்கு என்று அவனுக்குத் தோன்றவில்லை.

அடுத்து அவளுடைய கையை அளந்தான். எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டில் வெர்னியர் காலிப்பர் ஒன்று வாங்கிவந்து, மேரியை டைனிங் டேபிளில் உட்காரவைத்து, ஒவ்வொரு விரலின் நீளத்தையும் மில்லிமீட்டர் புள்ளிக்கு அப்புறம் ஓர் எண் வரைக்கும் எடுத்து எழுதினான். ஜூலியா எட்டிப் பார்த்து, அம்மாவுக்கு மோதிரம் வாங்கப்போகிறீர்களா என்று கேட்டாள். மேரி கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அளவெடுத்தவன், அந்தக் கை ஒரு நாளில் எங்கெங்கே, எந்த உயரத்தில், எப்படி வளைந்து வேலை செய்கிறது என்று மட்டும் பார்க்கவில்லை.

பிறகு மூன்று சனிக்கிழமை எஸ்.பி. ரோட்டில் அலைந்தான். ஸ்விட்ச் ஒரு கடை, ஒயர் ஒரு கடை, சால்டரிங் இரும்பு இன்னொரு கடை. பிளாஸ்டிக் கூட்டை ஒரு முப்பரிமாண பிரிண்டிங் கடையில் அச்சடித்தான். ஆள்காட்டி விரலில் சூடு வைத்துக்கொண்டு, வீடு முழுக்க ஈய நாற்றம் பரப்பி, மார்ச் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் பூசை முடிந்து வந்த மேரியின் முன்னால் முதல் பதிப்பை வைத்தான். இரண்டு பிறைத் துண்டுகள், நடுவே ஒரு சுருள் ஒயர், எழுத்துகளெல்லாம் இடம் மாறி. மேரி தொட்டுப் பார்த்தாள். அவனுடைய விரலில் இருந்த கொப்புளத்தையும் பார்த்தாள்.

"நல்லா இருக்கு. நீயே செஞ்சியா எல்லாம்?" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் ஏழரையிலிருந்து எட்டரை வரை, ஹாலில் அவன் எதிரே உட்கார்ந்து, அவள் புது கீபோர்டில் பழகினாள். முதல் நாள் நிமிஷத்துக்குப் பன்னிரண்டு வார்த்தை. பழைய கீபோர்டில் அறுபது அடிக்கிறவள் பன்னிரண்டு அடித்ததைப் பார்த்து அவன் கைதட்டினான். இரண்டாவது வாரம் பதினெட்டு. அவன் எக்செல்லில் ஒரு கோடு வரைந்து, அது மேலே ஏறுவதை ஆபீசில் ஷெர்வினிடம் காட்டினான்.

கன்னடம் அடித்த அன்றுதான் முதல் இடி. அவள் பழகிய கன்னட மென்பொருளில் ஆங்கிலச் சாவி எதுவோ அதற்கு நேராகவே கன்னட எழுத்து. கே-யைத் தட்டினால் க, எம்-மைத் தட்டினால் ம. ஆங்கில எழுத்துகளை இவன் இடம் மாற்றியதும் கன்னடமும் கூடவே புறப்பட்டுப் போய்விட்டது. 'நானு ஈ மூலக', அதாவது 'நான் இதன் மூலம்', என்று தொடங்கும் அஃபிடவிட் வாக்கியத்தை மேரி விரல் பழக்கத்தில் அடிக்க, திரையில் குழந்தை உளறியதுபோல ஏதோ வந்தது. அதைப் படித்து ஜூலியா தரையில் உருண்டு சிரித்தாள். குணசேகருக்கு அது உளறல் என்பதே அவள் சிரித்த பிறகுதான் தெரிந்தது. தங்கவயலில் தமிழ் மீடியத்தில் படித்த மற்ற பலரைப் போல அவனுக்கும் கன்னடம் வாயில் தண்ணீராக ஓடும், எழுத்தைக் கண்டால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிக்க வேண்டும். பரீட்சையில் பாதி கன்னடம் என்பது தெரிந்தே, அப்படி ஒரு மொழி உலகத்தில் இருப்பதையே மறந்து கீபோர்டு செய்திருக்கிறான். கன்னடத்துக்குத் தனியாக ஓர் எழுத்து வரிசை போட்டு இரண்டாம் பதிப்பு, அதில் இரண்டு எழுத்து விட்டுப்போனதால் மூன்றாம் பதிப்பு.

இதற்கிடையில் இணையத்தில் கீபோர்டுப் பைத்தியங்களுக்கென்றே இருந்த ஒரு குழுவில் சேர்ந்திருந்தான். அங்கே படம் போட்டு, மனைவிக்காகச் செய்தது, தினமும் பயன்படுத்துகிறாள், வலி ஐம்பது சதவீதம் குறைந்துவிட்டது என்று எழுதினான். அந்த ஐம்பது சதவீதம் எங்கிருந்து வந்தது என்றால், இப்ப கை எப்படி இருக்கு என்று ஒரு நாள் அவன் கேட்டதற்கு மேரி, பரவாயில்லை என்று சொல்லியிருந்தாள். நூற்றுப்பன்னிரண்டு பேர் இதயம் போட்டார்கள். இப்படி ஒரு கணவன் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று யாரோ எழுதியதை அவன் மெட்ரோவில் இந்திரா நகர் தாண்டும் வரைக்கும் திரும்பத் திரும்பப் படித்தான்.

ஏப்ரலில் வலி கூடியது. பரவாயில்லை என்பது, கொஞ்சம் இருக்கு என்றாயிற்று. மேரி துணியைப் பிழிய முடியாமல் ஜூலியாவைக் கூப்பிட்டாள். மணிக்கட்டில் லேசாக வீக்கம். குணசேகருக்கு உள்ளூரப் பயம் வந்தது. நாள் நெருங்குகிறது, கை மக்கர் செய்கிறது. பயந்தவன் என்ன செய்தான்? டிசைனில்தான் குறை என்று முடிவு கட்டினான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். கூட்டை ஐந்து டிகிரி சாய்த்து நாலாம் பதிப்பு. அதற்கும் வலி குறையவில்லை என்றதும் பத்து டிகிரி சாய்த்து, கட்டைவிரல் சாவியைத் தள்ளி வைத்து ஐந்தாம் பதிப்பு. ஒவ்வொரு பதிப்புக்கும் மேரி மறுபடி பழக வேண்டியிருந்தது. பழகினாள். அவன் கோட்டில் வார்த்தைக் கணக்கு இறங்கி ஏறியது.

மே மாதம் பத்தாம் தேதியோ என்னவோ, பரீட்சைக்குப் பதினாறு நாள் இருக்கும்போது, ஆபீசில் அமெரிக்காக்காரர்களோடு ஏதோ அவசரம் என்று குணசேகர் ஐந்து மணிக்கு அலாரம் வைத்திருந்தான். அலாரத்துக்கு முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. சமையலறையில் மழை பெய்கிற மாதிரி சத்தம். குழாய் சொட்டுகிறது போலிருக்கிறது என்று எழுந்து போனான்.

குழாய் இல்லை, மேரி. சமையல் மேடையில் மடித்த போர்வை, அதன்மேல் ஒரு பழைய கறுப்பு கீபோர்டு, எதிரே ஜூலியாவின் லேப்டாப். போர்வை சத்தத்தை அடக்குவதற்கு. உட்கார இடம் இல்லாததால் நின்றுகொண்டே அடித்துக்கொண்டிருந்தாள். அவன் நிலைப்படியில் நின்றதை அவள் பார்க்கவில்லை. திரையில் கன்னட வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கிக்கொண்டிருந்தன. இருபது வருஷத்தில் அவள் அடிப்பதை அவன் அப்படி நின்று பார்த்தது அதுதான் முதல் தடவை. விரல்கள் பெரிதாக நகரவே இல்லை. எந்த எழுத்தையும் எட்டிப் பிடிக்கவில்லை. அவை போகும் இடத்தில் எழுத்துகள் காத்திருந்ததுபோல இருந்தது. அந்த விரல்களுக்கு இவன் உதவி செய்யக் கிளம்பியிருக்கிறான்.

அப்புறம் மணிக்கட்டைப் பார்த்தான். மேடை அவளுடைய இடுப்புக்கு மேலே இருந்தது. போர்வை வேறு அதை இன்னும் உயர்த்தியிருந்தது. இரண்டு மணிக்கட்டுகளும் மேல்நோக்கி முழுசாக மடங்கியிருந்தன. செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னது எதுவோ, அது.

மேரி திரும்பினாள். திருட்டுத்தனமாக எதையோ தின்னும்போது பிடிபட்டவள் மாதிரி ஒரு கணம் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

எத்தனை நாளாக இது என்று கேட்டான். மார்ச்சிலிருந்து என்றாள். தினமும் நாலரைக்கு எழுந்து ஆறு மணி வரைக்கும். கீபோர்டு, சந்திரசேகரன் கடையில் மூலையில் கிடந்ததாம், கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். ஜூலியாவுக்குத் தெரியும், லேப்டாப்பே அவளுடையதுதானே. வீட்டில் தெரியாதது அவன் ஒருவனுக்குத்தான்.

"பரீட்சைக்கு அவங்க வெச்சிருக்கற கீபோர்டுதான், குணா. நம்மது எதுவும் உள்ள எடுத்துனு போவக் கூடாது. நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருக்கு."

"எப்ப பாத்த நீ அத?"

"வந்த அன்னிக்கே. உன் போனுக்கும் அனுப்புனேனே."

அனுப்பியிருந்தாள். பன்னிரண்டு பக்கம், அத்தனையும் கன்னடம். அவன் முதல் பக்கத்தில் தேதியை மட்டும் பார்த்துவிட்டு, மிச்சத்தை நிதானமாகக் கூட்டிப் படித்துக்கொள்ளலாம் என்று நான்கு மாதமாக வைத்திருந்தான். மற்றவர்கள் எழுதியதில் வரிவரியாகக் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவன்.

அப்புறம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டான். குரலில் கோபத்தை வரவழைக்கப் பார்த்தான், வரவில்லை.

"எப்புடி சொல்றது? வெய்யில்ல அலஞ்சு, வெரல சுட்டுனு, கொழந்த மாதிரி மூஞ்சிய வெச்சுனு கொண்டாந்து நீட்டுன. வேணாம்னா பேஜாராயிடுவ. ஒரு வாரம் அடிச்சு காட்னா சரியாப்பூடும்னு பாத்தேன். நீ ரெண்டாவது கொண்டாந்துட்ட. அப்புறம் மூணாவது."

அவன் கணக்கில் கெட்டிக்காரன். நின்ற இடத்திலேயே போட்டுப் பார்த்தான். கடையில் எட்டு மணி நேரம். சாயங்காலம் அவனுக்காக ஒரு மணி நேரம், விரல் அறியாத புது இடங்களில். அவனுக்காகச் செலவழித்த அந்த ஒரு மணி நேரத்தை ஈடுகட்ட, விடியற்காலையில் ஒன்றரை மணி நேரம், நின்றுகொண்டு, மணிக்கட்டை மடித்து. அவன் எதுவுமே செய்யாமல் டிவி பார்த்துக்கொண்டிருந்தால், அவள் சாயங்காலம் ஹால் மேசையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பழைய கீபோர்டில் பழகிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். வலி கூடக் கூட அவன் புதுப் பதிப்பு கொண்டுவந்தான். அவன் புதுப் பதிப்பு கொண்டுவரக் கொண்டுவர வலி கூடியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதோடு நிற்கவில்லை, குரங்கு ஐந்து குட்டி போட்டிருந்தது.

அமெரிக்காக்காரர்கள் போனில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அவன் எடுக்கவில்லை. அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் அழுதால் அதற்கும் அவள்தான் சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும் என்று அடக்கிக்கொண்டான்.

"மன்னிச்சுடு மேரி" என்றான்.

"இப்ப அதுக்கு டைம் இல்ல. நகரு, பால் வெக்கணும்."

அந்தப் பதினாறு நாளில் குணசேகர் எதையும் கண்டுபிடிக்கவில்லை. ஹாலில் உட்கார்ந்து அடிக்க எப்படி இருந்தால் சரியாக இருக்கும் என்று மட்டும் அவளிடம் கேட்டான். மேசை உயரம், ரெண்டு வருஷமா சொல்லிட்டு இருக்கேன் என்றாள். தெருக்கோடி கார்பெண்டர் வந்து மேசைக் கால்களை இரண்டரை அங்குலம் அறுத்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போனார். அரை மணி வேலை. பழைய கறுப்பு கீபோர்டு ஹாலுக்குக் குடிவந்தது. மணிக்கட்டு நேராக நின்றது. விடியற்காலைப் பழக்கம் நின்றுபோய், சாயங்காலம் ஒரு மணி நேரம் என்றாயிற்று. சந்திரசேகரனிடம் அவளே பேசிப் பத்து நாள் லீவு வாங்கிக்கொண்டாள். ஜூலியா கன்னடப் பத்திகளை எடுத்து வைத்தாள். அதிலும் குணசேகரால் உதவ முடியவில்லை, படிக்கத் தெரியாதே. அவனுக்குக் கிடைத்த வேலை ஸ்டாப்வாட்ச் பிடிப்பது, மாவு பிசைவது, துணி பிழிவது. முதல் நாள் சப்பாத்தி கீபோர்டு கூட்டைவிடக் கெட்டியாக இருந்தது. அதையும் பரவாயில்லை என்று சாப்பிட்டார்கள். இந்தத் தடவை அவன் அந்தச் சொல்லுக்குச் சதவீதம் எதுவும் போடவில்லை.

வீக்கம் வற்றியது. மரத்துப்போவது முழுசாக நிற்கவில்லை. பரீட்சை அன்று ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வெளியே ஒரு புங்க மரத்தடியில் நின்றான். அவனைப் போல இன்னும் ஏழெட்டுப் புருஷன்மார் நின்றார்கள். உங்கள் மிஸ்ஸஸ் எப்படித் தயார் செய்தார்கள் என்று ஒருவர் கன்னடத்தில் கேட்டார். நான் தூங்கிக்கொண்டிருக்கும்போது என்று குணசேகர் பதில் சொன்னான். அவர் புரியாமல் தலையாட்டினார். மேரி வெளியே வந்தபோது வலக்கையை இடக்கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். கன்னடம் முழுசாக முடித்தேன், ஆங்கிலத்தில் கடைசி நாலு வரிக்கு விரல் மரத்துவிட்டது, ஆனாலும் அடித்துவிட்டேன் என்றாள். அவன் ஸ்கூட்டரைக் கிளப்பினான். அந்த நாலு வரியும் தன் கணக்கில் சேர வேண்டியது என்று அவனுக்குத் தெரியும்.

தேர்வானவர்களின் பெயர்ப் பட்டியல் வர ஏழு வாரம் ஆயிற்று. குணசேகர் அந்த ஏழு வாரத்தில் கன்னட எழுத்துகளை ஜூலியாவின் பழைய பாடப்புத்தகத்தை வைத்து ஒழுங்காகப் படித்தான். பட்டியல் வந்தபோது, யாரையும் கேட்காமல், அவனே விரல் வைத்துக் கூட்டிப் படித்து, நாற்பத்திரண்டாவது வரியில் மனைவியின் பெயரைக் கண்டுபிடித்தான். வைட்ஃபீல்டு ஆபீசில், ஷெர்வினுக்கு முன்னாலேயே, கண்ணைத் துடைத்துக்கொண்டான். ஷெர்வின் கட்டிப்பிடித்து, உன் கீபோர்டுக்கு வெற்றி என்றான். குணசேகர் மறுக்க வாயைத் திறப்பதற்குள் அவன் அதை அந்த இணையக் குழுவிலேயே எழுதிவிட்டான்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அக்கம்பக்கத்துக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். கீழ் வீட்டு ஓஸ்வால்ட், ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர், பெரிய பிளம் கேக்கோடு வந்தார். அவருடைய மனைவி ஜோசஃபின், மேரியின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையைத் தடவிப் பார்த்து, இந்தக் கையை வைத்துக்கொண்டு எப்படித்தான் பாஸ் பண்ணினாய் என்று கேட்டார். குணசேகர் அப்போது தட்டில் முறுக்கு அடுக்கிக்கொண்டிருந்தான். கை நின்றது. இன்றைக்கு எல்லார் முன்னாலும் வெளியே வந்துவிடும், வரட்டும், அதுதான் நியாயம் என்று தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க வீட்டுக்காரரு எனக்குனே ஒரு கீபோர்டு செஞ்சு குடுத்தாருக்கா" என்றாள் மேரி. "என் வெரல எல்லாம் அளவெடுத்து, நாலு மாசம் அதே வேலையா ஒக்காந்து செஞ்சாரு."

முகத்தில் சிரிப்பு இல்லை, கிண்டல் இல்லை. எல்லோரும் குணசேகரைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜூலியா மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். அவளுடைய தோள் குலுங்கியது.

இதற்குமேல் தாங்க முடியாது என்று குணசேகர் தட்டை வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"அவ சும்னே சொல்றாண்ணா. அந்த கீபோர்டாலதான் அவளுக்கு கை ரெண்டு பங்கா வலிச்சுது. நான் ஒண்ணுமே செய்யாம இருந்திருந்தா அவ இன்னும் நல்லா அடிச்சிருப்பா."

ஓஸ்வால்ட் அவன் தோளில் தட்டினார். செய்ததைச் சொல்லிக் காட்டாமல் இருக்கிற மனுஷனை இந்தக் காலத்தில் எங்கே பார்க்க முடிகிறது என்றார். குணசேகர் விடவில்லை. கன்னட எழுத்து உளறலானதைச் சொன்னான், அழிக்கும் சாவியைச் சொன்னான், அறிவிப்பைப் படிக்காததைச் சொன்னான், சமையல் மேடையைச் சொன்னான். அவன் சொல்லச் சொல்லக் கூட்டம் சிரித்தது, சிரிக்கச் சிரிக்க அவர்கள் கண்ணில் அவனுடைய அடக்கம் வளர்ந்தது. ஜோசஃபின் தன் கணவரைப் பார்த்து, நாற்பது வருஷத்தில் எனக்கு ஒரு முறம்கூடச் செய்து கொடுத்ததில்லை என்றார். போகும்போது இரண்டு பேர் தங்கள் மகள்களுக்கும் அப்படி ஒரு கீபோர்டு வேண்டும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

கடைசி ஆள் படியிறங்கியதும் குணசேகர் கதவைச் சாத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தான். மேரி டீ கப்புகளைத் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தாள். நீ திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றான். திட்டாமல் விட்டதற்குக் காரணம் தெரிய வேண்டும் என்று கேட்டான். அவனுக்கு அவமானமாக இருந்தது, அதோடு, இன்ஸ்டிட்யூட்டில் பக்கத்து மெஷினில் உட்கார்ந்திருந்த காலத்தைவிட இப்போது அவளை அதிகமாகப் பிடித்துப்போயிருந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான்.

"நான் என்னா பொய்யா சொன்னேன்?" என்றாள் மேரி. "நீ கீபோர்டு செஞ்சு குடுத்த. நான் பாஸ் பண்ணேன். ரெண்டும் நடந்துச்சு. நடுவுல நடந்தது நம்ம ஊட்டு விஷயம். அது எதுக்கு அவங்களுக்கு?"

கையில் பட்டை நனையக்கூடாது என்று தொட்டியை விட்டு விலகி, அவனுக்கு இடம் விட்டாள். அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயைத் திறந்தான்.